எழுத்தை வெறுத்த மாணவன்

1. சாய்ந்த ராணி

1976-ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். தேம்ஸ் நதிக்குத் தெற்கே, எலிஃபன்ட் அண்ட் காஸில் பகுதியில் இருந்த லண்டன் காலேஜ் ஆஃப் பிரிண்டிங்கில் கிராஃபிக் டிசைன் பட்டப்படிப்புக்குப் புது மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு வயது 19. வடக்கு லண்டனில் உள்ள சவுத்கேட்டில் பிறந்தவன். பெயர் நெவில் ப்ரோடி.

அவன் நேராக இங்கே வந்துவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஹார்ன்ஸி ஓவியக் கல்லூரியில் நுண்கலை அடிப்படை வகுப்பு படித்தான். 1968-இல் மாணவர்கள் கட்டடத்தைக் கைப்பற்றி, கல்வி முறையையே கேள்வி கேட்டுப் பெயர் வாங்கிய கல்லூரி அது. ஓவியனாகியிருக்கலாம். ஆனால் கண்காட்சிக் கூடத்துக்கு வருகிற சிலருக்காக மட்டும் வரைவதில் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. ஒரு போஸ்டரை ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், ஓர் இதழ் ஆயிரம் வீடுகளுக்குள் போகிறது. ஓவியனுக்கு இருக்கும் சுதந்திரத்தை ஏன் அச்சுக்குள் கொண்டுவரக் கூடாது? இந்தக் கேள்வியோடுதான் அவன் அச்சுக் கல்லூரியின் படியேறினான்.

அங்கே அவனை வரவேற்றது கட்டம்.

அன்றைய வடிவமைப்புக் கல்வியில் சுவிட்சர்லாந்து பாணிக்குத்தான் மரியாதை. பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத கோடுகளால் கட்டங்களாகப் பிரிப்பார்கள். தலைப்பு, படம், பத்தி எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் அடங்கும். எழுத்துக்கு ஹெல்வெடிகா போன்ற, அலங்காரம் துளியும் இல்லாத வடிவங்கள். வடிவமைப்பாளர் தன் குரலை அடக்கிக்கொண்டு, செய்தியை மட்டும் பேச விட வேண்டும் என்பது அதன் கொள்கை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வளர்ந்த இந்தப் பாணி விமான நிலையங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் பெரிய நன்மை செய்தது. வழி தேடும் பயணிக்குத் தெளிவுதானே முக்கியம்!

ப்ரோடிக்கு அது மூச்சுமுட்டியது. அதிலும் அவன் அதிகம் ஒதுக்கிய பாடம் டைப்போகிராஃபி. எழுத்துருக்களைத் தேர்ந்தெடுப்பது, அளவு குறிப்பது, வரிகளுக்கு நடுவில் இடைவெளி விடுவது என்று அது ஒரு தனிக்கலை. அதில் மரபு மட்டுமே குவிந்திருக்கிறது, உயிர் இல்லை என்று அவன் நினைத்தான். எழுத்து அவனுக்குச் சலிப்பூட்டியது. இதை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொடரின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

முதலாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு அவன் எடுத்துக்கொண்டது டாடா இயக்கமும் பாப் கலையும். முதல் உலகப் போரின் நடுவே, 1916-இல், சூரிக் நகரத்தில் 'கபரே வோல்டேர்' என்ற சிறு அரங்கில் சில கவிஞர்களும் ஓவியர்களும் கூடித் தொடங்கிய கலகம்தான் டாடா. லட்சக்கணக்கான இளைஞர்களைப் பதுங்குகுழிகளில் சாகவிட்ட நாகரிகத்தின் ஒழுங்கு எங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். செய்தித்தாளை வெட்டினார்கள், எழுத்துகளைத் தலைகீழாக ஒட்டினார்கள், ஒரே வரியில் பத்து விதமான அச்செழுத்துகளைக் கோத்தார்கள். டைப்போகிராஃபி வகுப்பில் கொட்டாவி விட்ட மாணவன், அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காகிதங்களைக் கண்ணை அகற்றாமல் பார்த்தான். அங்கே எழுத்து கத்தியது, ஆடியது, சண்டை போட்டது.

அதே நேரத்தில் கல்லூரிக்கு வெளியே லண்டன் வெடித்துக்கொண்டிருந்தது. 1976 ஜூலையில் டெட்ஃபர்டைச் சேர்ந்த மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர், 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பெயரில் ஒரு பங்க் இசை இதழைத் தொடங்கியிருந்தார். தட்டச்சு செய்த பக்கம், தடித்த பேனாவால் எழுதிய தலைப்பு, நகலெடுத்து ஓரத்தில் ஸ்டேப்ளர் பின். அவ்வளவுதான் இதழ். இசை தெரியாதவன் மேடையேறலாம், அச்சகம் இல்லாதவன் இதழ் நடத்தலாம் என்ற துணிச்சலை அந்த அலை கொடுத்தது.

1977 வந்தது. இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறி 25 ஆண்டுகள். தெருவெங்கும் கொடிகள், விருந்துகள். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் 'காட் சேவ் தி குவீன்' இசைத்தட்டு வந்து விழுந்தது. அதன் உறையில் ஜேமி ரீட் என்ற கலைஞர், ராணியின் கண்களையும் வாயையும் கிழித்து ஒட்டிய எழுத்துகளால் மறைத்திருந்தார். பிபிசி பாட்டைத் தடை செய்தது. ஆனாலும் அது அதிகாரபூர்வ விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

இப்படிப்பட்ட காலத்தில் ப்ரோடியின் வகுப்புக்குத் தபால்தலை வடிவமைக்கும் பயிற்சி வந்தது.

பிரிட்டனில் தபால்தலை சாதாரணக் காகிதம் இல்லை. உலகின் முதல் ஒட்டும் தபால்தலையை 1840-இல் வெளியிட்ட நாடு என்பதால், அதில் நாட்டின் பெயரை அச்சிடுவதே இல்லை. அரசரின் அல்லது அரசியின் தலைதான் நாட்டின் அடையாளம். 1960-களின் நடுவில் தபால் துறை அமைச்சராக இருந்த டோனி பென், சிறப்புத் தபால்தலைகளிலிருந்து ராணியின் தலையை எடுத்துவிடலாமா என்று டேவிட் ஜென்டில்மன் என்ற ஓவியரை வைத்து முயன்று பார்த்தார். அரண்மனை இசையவில்லை. மூலையில் ஒரு சிறிய நிழலுருவாகச் சுருக்க முடிந்ததே தவிர, நீக்க முடியவில்லை. அமைச்சராலேயே அசைக்க முடியாத தலை அது!

ப்ரோடி அதை அசைத்தான். தன் வடிவமைப்பில் ராணியின் தலையைப் பக்கவாட்டில் படுக்க வைத்தான்.

அவன் செய்யும் வேலை வணிகத்துக்கு உதவாது என்று ஆசிரியர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது இது. மேஜைமேல் இருந்த அந்தச் சின்னக் காகிதம், அவனைக் கல்லூரியை விட்டே வெளியேற்றும் அளவுக்குப் பெரிதானது. பட்டம் இல்லை, தொழில் இல்லை, படிப்பு பாதியில் என்ற நிலை. அவன் தலை தப்புமா?

*(அடுத்த வாரம்...)*

2. வெட்டுக்கத்தியும் பசையும்

தப்பியது, நூலிழையில். ப்ரோடி கல்லூரியிலேயே நீடித்தான். தன் உண்மையான படிப்பை அவன் நடத்திய இடம் வேறு. அது கல்லூரியின் இசை நிகழ்ச்சிகளுக்கான போஸ்டர்.

அமெரிக்காவிலிருந்து பெரே உபு என்ற குழு வந்து வாசித்தது. அந்த நிகழ்ச்சிக்கு அவன் செய்த போஸ்டர் இன்றும் பேசப்படுகிறது. வகுப்பில் கொடுக்கும் பயிற்சிக்கு மதிப்பெண் மட்டும்தான் கிடைக்கும். போஸ்டருக்குக் கிடைப்பது வேறு விதமான தீர்ப்பு. சுவரில் ஒட்டியதும் கூட்டம் நின்று பார்க்கிறதா, கடந்து போகிறதா? தேதியும் இடமும் அவர்கள் கண்ணில் பட்டதா? கலகமும் செய்ய வேண்டும், கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்றும் சொல்ல வேண்டும். இந்த இரட்டைப் பொறுப்பை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சுவர்தான்.

படிப்பு முடிந்ததும் விளம்பர நிறுவனங்களின் பக்கம் போகாமல், இசைத்தட்டு உறைகளின் பக்கம் போனான். அலெக்ஸ் மெக்டவல் நடத்திய 'ராக்கிங் ரஷ்யன்' என்ற சிறு ஸ்டூடியோவில் முதல் வேலை. (இந்த மெக்டவல்தான் பிற்காலத்தில் ஹாலிவுட்டுக்குப் போய் 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தின் கலை வடிவமைப்பைச் செய்தவர்.) பிறகு ஸ்டிஃப் ரெக்கார்ட்ஸ். அதற்குப் பிறகு ஃபெடிஷ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம். அங்கே பணம் குறைவு, சுதந்திரம் அதிகம். ஷெஃபீல்டிலிருந்து வந்த ஒரு குழுவுக்கும் உறைகள் செய்தான். அந்தக் குழு தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கபரே வோல்டேர்'. ஆய்வுக் கட்டுரையில் படித்த 1916-இன் அரங்கு, வேலை மேஜைக்கே வந்துவிட்டது.

இசைத்தட்டு உறை என்ற பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஒரு நல்ல ஆசான். பாடகரின் சிரித்த முகத்தைப் போட்டு விற்பதுதான் அன்றைய வழக்கம். ப்ரோடி முகத்தை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒலிக்கு வெளியே ஓர் உருவம் தேடினான். உலோகம் உரசுவது போன்ற இசைக்கு என்ன நிறம்? திரும்பத் திரும்ப வரும் தாளத்துக்கு என்ன வடிவம்? கையால் அச்சுப் பதித்தான், படங்களைக் கிழித்தான், நகல் இயந்திரத்தில் சிதைத்தான். 1920-களின் ரஷ்யாவில் ரோட்சென்கோ என்ற கலைஞர் செய்த தடித்த கோடுகளும் சாய்ந்த தலைப்புகளும் கொண்ட அட்டைகளைக் கூர்ந்து படித்தான். படத்தில் அவன் கை தேறியது. எழுத்தோ இன்னும் படத்துக்குத் துணையாகத்தான் வந்தது.

இந்த இடத்தில் கதைக்குள் இன்னொருவர் வர வேண்டும்.

நிக் லோகன். 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற இசை வார இதழின் ஆசிரியராக 1970-களில் பெயர் வாங்கியவர். 1978-இல் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழைத் தொடங்கினார். அதுவும் வெற்றி. ஆனால் அவர் மனத்தில் வேறோர் இதழ் இருந்தது. இசை வார இதழ்கள் அப்போது மட்டக் காகிதத்தில், கையில் மை ஒட்டும்படி வந்துகொண்டிருந்தன. பாட்டுக்கும் உடைக்கும் நடனக்கூடத்துக்கும் தெருவுக்கும் உள்ள உறவைக் காட்டுகிற, வழவழப்பான தாளில் நல்ல புகைப்படங்களோடு வருகிற மாத இதழ் வேண்டும் என்று அவர் விரும்பினார். தன் சொந்தச் சேமிப்பைப் போட்டு 1980 மே மாதம் அதை வெளியிட்டார். முதல் அட்டையில் தி ஸ்பெஷல்ஸ் குழுவின் ஜெர்ரி டாமர்ஸ். இதழின் பெயர் 'தி ஃபேஸ்'.

1981-இல் அந்த இதழின் வடிவமைப்புப் பொறுப்பு நெவில் ப்ரோடியிடம் வந்தது.

ஓர் உறைக்கும் ஓர் இதழுக்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். உறை ஒரு பக்கம். இதழ் பல பத்துப் பக்கங்கள். உறைக்கு ஒரு குழு, ஒரு மனநிலை. இதழுக்கு மாதந்தோறும் வேறு வேறு பேட்டிகள், வேறு வேறு எழுத்தாளர்கள், இடையில் விளம்பரங்கள். முக்கியமாக, இதழ் என்றாலே எழுத்து. பக்கம் பக்கமாக எழுத்து. கல்லூரியில் எந்தப் பாடத்தைச் சலிப்பென்று தள்ளினாரோ, அந்தப் பாடமே இப்போது அவர் தொழில்!

அந்த நாட்களில் ஒரு பக்கம் எப்படி உருவானது என்று சொன்னால்தான் அவர் கற்றதன் அருமை புரியும். கட்டுரையைத் தட்டச்சு செய்து, எந்த எழுத்துரு, எவ்வளவு பெரிது, பத்தி எவ்வளவு அகலம் என்று ஓரத்தில் குறித்து ஒளி அச்சுக் கோப்பவரிடம் அனுப்புவார்கள். அங்கிருந்து புகைப்படத் தாளில் நீண்ட பட்டைகளாக எழுத்து வரும். அதைக் கூரான வெட்டுக்கத்தியால் நறுக்கி, பின்புறம் பசை தடவி, கெட்டி அட்டையில் ஒட்டுவார்கள். அட்டையில் வெளிர்நீலக் கோடுகள் இருக்கும். அச்சகத்துக் கேமராவின் கண்ணுக்கு அந்த நீலம் தெரியாது. தலைப்புக்குத் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் எழுத்துகள். பெரிதாக்கவும் சிறிதாக்கவும் தனிக் கேமரா. ஒரு சொல்லில் பிழை என்றால், அந்தச் சொல்லை மட்டும் புதிதாக வரவழைத்து, வெட்டி, பழைய சொல்லின் மேல் நேர்கோடு பிசகாமல் ஒட்ட வேண்டும்.

இந்த வேலை எழுத்தைக் கையில் கொடுக்கிறது. விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வரும் 'எஸ்' என்ற எழுத்தின் வளைவை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் தள்ளினால் சொல்லின் முகமே மாறுவது கண்ணுக்குத் தெரியும். வகுப்பறையில் விதியாகக் கேட்டபோது செத்துக் கிடந்த பாடம், மாதாமாதம் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய கெடுவின் நெருக்கடியில் உயிர் பெற்றது.

ப்ரோடி இதழின் ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். தலைப்பு ஏன் மேலேயே இருக்க வேண்டும்? பக்கவாட்டில் செங்குத்தாக நின்றால் என்ன? பத்தியின் முதல் எழுத்து ஏன் இவ்வளவு சிறிதாக இருக்கிறது? பக்கத்தின் பாதியை அது எடுத்துக்கொண்டால் வாசகரின் கண் எங்கே போகும்? ஒரு கட்டுரை அடுத்த பக்கத்துக்குத் தொடர்வதைச் சொல்லாமல் ஒரு குறியீட்டால் காட்ட முடியாதா? கேட்ட கேள்விக்கு அடுத்த இதழிலேயே விடை கண்டார். சில தோற்றன. தோற்றதை அதற்கடுத்த மாதம் திருத்தினார். மாத இதழின் கொடை அதுதான். தவறு செய்தவருக்கு முப்பது நாளில் மறுபடி ஒரு வெள்ளைத் தாள் கிடைக்கிறது.

லெட்ராசெட் தாளில் கிடைக்கும் எழுத்துகள் எல்லோரிடமும் இருந்தன. அவருக்குப் போதவில்லை. அளவுகோலும் மைப்பேனாவும் எடுத்துத் தலைப்பு எழுத்துகளைத் தானே வரைந்தார். 1984-இல் அவர் வரைந்த வடிவம் நேர்கோடுகளாலான, கட்டுமானம் போன்ற, சற்று அதிகாரத் தொனியுள்ள எழுத்து. வேலையின்மை 30 லட்சத்தைத் தாண்டிய, பிரதமர் தாட்சரின் ஆட்சி இறுகிக்கொண்டிருந்த பிரிட்டன் அது. 1930-களின் இறுக்கத்துக்கும் 1980-களின் இறுக்கத்துக்கும் ஒற்றுமை கண்ட அவர், அதை எழுத்தின் எலும்பிலேயே வைத்தார். பாடகரின் பேட்டிக்கு மேலே நிற்கும் தலைப்பு, நாட்டின் நிலையையும் பேசியது.

எழுத்தை வெறுத்த மாணவன் எழுத்தைப் படைக்கத் தொடங்கிவிட்டான்.

அதே 1984-இல் அவர் இன்னொன்றிலும் கைவைத்தார். ஓர் இதழில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், வாசகருக்கு வழிகாட்டும் ஒரு பக்கத்தை மட்டும் தொடக் கூடாது என்பது தொழிலில் எழுதாத சட்டம். அந்தப் பக்கத்தின் தலைப்பை மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கத் தொடங்கினார் ப்ரோடி. எது அந்தப் பக்கம்? வாசகர்கள் வழிதவறினார்களா?

*(அடுத்த வாரம்...)*

3. எல்லோரும் அவரைப் போல் எழுதியபோது

அது பொருளடக்கப் பக்கம்.

'கன்டென்ட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் அந்தப் பக்கத்தின் தலையில் வழக்கம்போல் நின்றது. ஒரு மாதம் அதன் எழுத்துகள் சற்றே எளிமையாயின. அடுத்த மாதம் சில கோடுகள் விலகின. அதற்கடுத்த மாதம் வளைவுகள் உடைந்தன. இதழுக்கு இதழ் அந்தச் சொல் கரைந்துகொண்டே போய், கடைசியில் எழுத்தென்றே சொல்ல முடியாத சில கோடுகளும் வடிவங்களும் மட்டும் மிஞ்சின. முதன்முதலாக அந்த இதழை வாங்கிய ஒருவருக்கு அது புரிந்திருக்க வழியே இல்லை.

ஆனால் தொடர்ந்து வாங்கியவர்கள் வழிதவறவில்லை. பக்கம் இருக்கும் இடம் தெரியும், பட்டியலின் அமைப்பு தெரியும், அந்தக் கோடுகளின் நிழல் பழகிவிட்டது. கண் எழுத்தைக் கூட்டிப் படிப்பதில்லை, தெரிந்த உருவத்தை அடையாளம் காண்கிறது என்பதை ப்ரோடி ஆய்வுக் கட்டுரை எழுதி நிறுவவில்லை. விற்பனைக்கு வரும் இதழில், பணம் கொடுத்து வாங்கும் வாசகர்களை வைத்துக் கண்டறிந்தார். அதற்குத் துணை நின்ற ஆசிரியர் லோகனையும் இங்கே பாராட்ட வேண்டும். திறமையுள்ள இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை நம்பித் தன் சேமிப்பில் தொடங்கிய இதழை ஒப்படைக்கும் ஆசிரியர்கள் குறைவு.

இந்தச் சோதனையைச் சும்மா வந்த குறும்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு சொல்லை எங்கே உடைத்தால் அது இன்னும் சொல்லாக நிற்கும், எங்கே உடைத்தால் விழுந்துவிடும் என்று தெரிய, எழுத்தின் உடற்கூறு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் ராணியின் தலையைச் சாய்த்தது துணிச்சல். அதைச் செய்ய ஒரு நொடி போதும். பொருளடக்கத்தை மாதக்கணக்கில் படிப்படியாகக் கரைத்தது தேர்ச்சி. இரண்டுக்கும் நடுவில் சில ஆண்டுகளும், எத்தனையோ பசை காய்ந்த அட்டைகளும் இருந்தன.

பிறகு நடந்ததை ப்ரோடி எதிர்பார்க்கவில்லை.

'தி ஃபேஸ்' இதழைப் பாடல் பிரியர்கள் மட்டும் வாங்கவில்லை. விளம்பர நிறுவனங்களின் கலைப் பிரிவுகளும் வாங்கின. மெல்ல மெல்ல அவர் எழுத்துகளின் சாயல் வெளியே தெரியத் தொடங்கியது. கடைப் பலகைகளில், துணி விளம்பரங்களில், மற்ற இதழ்களில் அதே நேர்கோட்டு எழுத்துகள், அதே சாய்ந்த தலைப்புகள், அதே குறியீடுகள். எந்த அதிகாரத் தொனியை எச்சரிக்கையாக வரைந்தாரோ, அது பொருள் விற்கும் அழகாகிவிட்டது. 1985-இல் இசைக்கலைஞர்கள் சிலர் தாட்சர் ஆட்சிக்கு எதிராக இளைஞர்களைத் திரட்ட 'ரெட் வெட்ஜ்' என்ற அமைப்பைத் தொடங்கியபோது அதற்குச் சின்னம் வரைந்தவர் ப்ரோடி. அரசியலைச் சொல்லவே வடிவமைப்பு என்று நம்பியவர், தன் வடிவம் அரசியல் கழன்று கடைவீதியில் நடப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு பாணியைக் கண்டுபிடித்தவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி உண்டா? எல்லோரும் கேட்பது அவரைத்தான். அதே எழுத்தை இன்னும் பத்து ஆண்டுகள் வரைந்திருந்தால் போதும். பணமும் புகழும் தாமாக வந்திருக்கும். கை நன்றாகப் பழகியும்விட்டது.

1986-இல் அவர் 'தி ஃபேஸ்' இதழின் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஆண்டின் இறுதியில் லோகன் 'அரீனா' என்ற புதிய இதழைத் தொடங்கினார். அதன் வடிவமைப்பையும் ப்ரோடியே ஏற்றார். தொழிலில் இருந்தவர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள். இந்த முறை எழுத்தை என்ன செய்வார்? உடைப்பாரா, வளைப்பாரா, அழிப்பாரா?

இதழ்கள் வந்தன. பிரித்தவர்கள் திகைத்தார்கள். பக்கங்களில் நின்றது ஹெல்வெடிகா.

ஆம், அதே ஹெல்வெடிகா. கல்லூரியில் மூச்சுமுட்ட வைத்த அதே சுவிஸ் எழுத்து. பாசல் நகருக்கு அருகே இருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகத்துக்காக மாக்ஸ் மீடிங்கர் 1957-இல் வரைந்தது. ப்ரோடி பிறந்ததும் அதே 1957 ஏப்ரலில்தான். சம வயதுள்ள இருவர், ஏறக்குறைய முப்பது வயதில் சமாதானம் ஆனது போல் இருந்தது அது. எல்லோரும் அவரைப் போலக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவர் அமைதியான எழுத்தை எடுத்தார். நிறைய வெள்ளை இடம், நேரான தலைப்பு, அடக்கமான அளவு.

இதைத் தோல்வி என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு இது அவர் படிப்பின் உண்மையான பட்டமளிப்பாகத் தெரிகிறது. 19 வயதில் ஹெல்வெடிகாவை மறுத்தபோது, அதைத் தவிர வேறு எதுவும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 29 வயதில் அதை ஏற்றபோது, உலகில் உள்ள எந்த எழுத்தையும் எடுக்கவும் இல்லாத எழுத்தை வரையவும் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. வேறு வழியில்லாமல் பின்பற்றுவதற்கும், எல்லா வழியும் தெரிந்து ஒன்றைத் தேர்வதற்கும் உள்ள தூரத்தைத்தான் நாம் வளர்ச்சி என்கிறோம். கணினியில் ஒரு சொடுக்கில் ஆயிரம் எழுத்துருக்கள் கிடைக்கும் இன்றைய மாணவர்களுக்கு இந்தத் தூரம் எளிதில் கண்ணில் படாது. அதனால்தான் இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். தேர்வு செய்யும் உரிமை மென்பொருளோடு வருவதில்லை. ஏன் என்று கேட்டு, கையால் செய்து பார்த்து, தவறி, அடுத்த இதழில் திருத்தியவருக்கே அது சொந்தமாகிறது.

1988-இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவர் படைப்புகளுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. அப்போது அவருக்கு வயது 31. சுமார் 40,000 பேர் வந்து பார்த்தார்கள். அதே ஆண்டு அவரைப் பற்றி ஜான் வோசன்க்ராஃப்ட் எழுதி வெளிவந்த நூல், உலகெங்கும் வடிவமைப்பு மாணவர்களின் மேஜையில் இடம் பிடித்தது. 1991-இல் அதே வோசன்க்ராஃப்டுடன் சேர்ந்து 'ஃப்யூஸ்' என்ற இதழைத் தொடங்கினார். எழுத்துருக்களை வைத்துச் சோதனை செய்வதற்கென்றே ஓர் இதழ்! அந்தக் காலகட்டத்தில் அவர் உருவாக்கிய 'ப்ளர்' என்ற எழுத்துரு, விளிம்பு மங்கி, குவியம் தப்பிய புகைப்படம் போல் இருக்கும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2011-இல் அதைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்தது. அதே 2011-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் தொடர்பியல் கலை, வடிவமைப்புத் துறைக்கு அவர் தலைவரானார். தபால்தலைக்காக வெளியேற்றப்படவிருந்த மாணவர், பேராசிரியராக வகுப்புக்குள் நுழைந்தார். 'தி ஃபேஸ்' 2004-இல் நின்று, 2019-இல் மீண்டும் வரத் தொடங்கியது.

இசை இதழ் என்ற பள்ளிக்கூடத்தின் ஒரு மாணவர் கதை இது. ப்ரோடி எழுத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் ஒரு கோட்டைத் தாண்டவில்லை. பொருளடக்கத்தின் தலைப்பைக் கரைத்தாரே தவிர, கட்டுரையைக் கரைக்கவில்லை. பேட்டியை வாசகர் படிக்க முடிய வேண்டும் என்பது அவருக்குக் கடைசி எல்லை.

அந்த எல்லையையும் தாண்ட ஒருவர் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் தயாராகிக்கொண்டிருந்தார். அவர் கலிஃபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர், பள்ளியில் சமூகவியல் ஆசிரியர். வடிவமைப்பில் அவர் முதலில் பெற்ற பயிற்சி 1980-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நடந்த இரண்டு வார வகுப்பு மட்டுமே. 1992-இல் தொடங்கிய 'ரே கன்' என்ற இசை இதழ் அவர் கைக்கு வந்தது. ஒருநாள் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி அவர் மேஜைக்கு வந்தது. படித்துப் பார்த்தார். சுவையே இல்லை. பேட்டி முழுவதையும் எழுத்தில் கோக்காமல், அம்புகளும் நட்சத்திரங்களும் கத்தரிக்கோல் படங்களும் நிறைந்த குறியீட்டு எழுத்துருவுக்கு மாற்றினார். ஒரு சொல்லைக்கூட எவராலும் படிக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் அப்படியே அச்சுக்குப் போனது. வாசகர்கள் என்ன செய்தார்கள்? டேவிட் கார்சன் என்ற அந்த மனிதரை இதழ் எப்படித் தாங்கியது?

*(தொடரும்)*